கிழக்கு வாசலில் ஒன்று காத்திருக்கிறது

மூன்று நாள் அம்மா ஊதா நிறத்தில் இருந்தாள்.

எனக்குக் கண்புரை அறுவை. நானும் மனைவியும் திருச்சியில். திருவிடைமருதூர் வீட்டில் எண்பத்து நாலு வயது அம்மாவும், காலையில் வந்து பொழுது சாய்ந்ததும் போகிற ஒரு பெண்ணும். ஐப்பசி மழை. முதல் நாள் ராத்திரி கரண்ட் போய் வந்திருக்கிறது. வந்தபோது கூடத்து விளக்கு ஊதாவாக வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மா போன் செய்தாள்.

"வீடு பூரா கத்தரிக்காய்க்குள்ள இருக்குற மாதிரி இருக்குடா. சாமி மூஞ்சியே தெரியல. எதை அமுக்குனா இது போகும்?"

எதை அமுக்கினாலும் போகாது. நான் செய்து வைத்திருந்த ஏற்பாடு அப்படி. விட்டத்தை ஒட்டி ஓடும் எல்இடி பட்டை. அதை ஆட்டிவைக்கத் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு உத்தரவு போட ஒரு குட்டிக் கணினி, மசால்வடை அகலம் இருக்கும். கரண்ட் போனதில் கணினியின் நினைவு அட்டை செத்துவிட்டது. எஜமான் போனதும் பெட்டி தன் கடைசி ஞாபகத்தைப் பிடித்துக்கொண்டது. கார்த்திகைக்கு எந்த நிறம் எடுக்கும் என்று நான் கடைசியாகப் போட்டுப் பார்த்தது ஊதா. பிளக்கோ மர பீரோவுக்குப் பின்னால்.

"மெயினை இறக்கிடும்மா."

"ஸ்டூல் போட்டு ஏறச் சொல்றியா? நீ உன் கண்ணைப் பாரு. நான் கத்தரிக்காய்க்குள்ளயே இருந்துக்கிறேன்."

நாலாம் நாள் வந்து சேர்ந்தேன். ஒரு கண்ணில் புது லென்ஸ், இன்னொன்றில் அறுபத்தொரு வருஷத்துச் சொந்த லென்ஸ். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சள் பூத்துப்போகும். நீலத்தையும் ஊதாவையும் மட்டுப்படுத்திவிடும். அறுவை ஆனதும் அந்த நிறங்கள் தூக்கலாகத் தெரியும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பழைய கண்ணால் பார்த்தால் கூடம் ஏதோ மப்பாக இருந்தது. புதுக் கண்ணால் பார்த்தேன். அம்மா, ஊஞ்சல், அப்பாவின் படம் எல்லாம் சர்க்கஸ் கூடாரத்துக்குள் இருந்தன. பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் கழித்து, நான் வழக்கமாக வைக்கும் "நல்ல வெள்ளை"யைப் போட்டேன். அதுவும் நீலம்தான். இத்தனை வருஷம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள்; வாத்தியார் வீட்டில் யார் சொல்லி யார் கேட்பது.

அன்று ராத்திரி விசாரணை. மகன் பெங்களூரிலிருந்து வீடியோவில். நீதிபதி அம்மா. தீர்ப்பு ஒரே வரி: "வாங்குனப்ப எப்படி இருந்துச்சோ, அப்படிப் பழையபடி ஆக்கிக் குடு."

பழையபடி என்பது எங்கள் ஊரில் சாதாரண வார்த்தை இல்லை. வரகுண பாண்டியனைப் பிரமஹத்தி பிடித்துக்கொண்டு ஊர் ஊராகத் துரத்தியது. அவன் கிழக்கு வாசல் வழியாக மகாலிங்க சுவாமியைப் பார்க்க உள்ளே போனான். பிரமஹத்தியால் உள்ளே வர முடியவில்லை, வாசலிலேயே நின்றது. வந்த வழியே திரும்பாதே, வேறு வாசலால் போ என்றார் சுவாமி. போனான், தப்பித்தான். அதற்கு யாரும் தகவல் சொல்லவில்லை. இன்னமும் கிழக்கு வாசலில் சிலையாகக் குந்திக்கொண்டு அவன் வருவான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் கிழக்கே நுழைந்தால் கிழக்கே வெளியே வர மாட்டார்கள். சின்ன வயதில் செருப்பைக் கிழக்கு வாசலில் விட்டுவிட்டு, வேறு வாசல் வழியே வந்து, தேரோடும் வீதியை வெறுங்காலோடு சுற்றி வந்து எடுத்திருக்கிறேன். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். இப்படி ஓர் ஊரில் பிறந்தும், போன வழியே திரும்பி வர ஒப்புக்கொண்டேன்.

*

எனக்கு நினைவு தெரிந்த முதல் வெளிச்சம் அரிக்கன் லைட். சாயங்காலம் ஐந்தரைக்கு அதன் கண்ணாடியைக் கழற்றிச் சாம்பல் போட்டுத் துடைப்பது என் வேலை. சாம்பல், கிழிந்த வேட்டித் துண்டு, கை நுழையாத இடத்துக்கு ஒரு குச்சி. அன்றைய பராமரிப்புக் கையேடு முழுக்க அவ்வளவுதான். திரி எரிந்து கோணலானால் கத்தரிக்கோலால் நேராக வெட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் புகையும். கிருஷ்ணாயில் வாசனை கையை விட்டுப் போகாது. அதே கையோடு சாப்பிடுவோம். பழையபடி ஆக்குவது தினமும் நடந்தது. அதனால் அதற்குத் தனியாகப் பெயர் கிடையாது.

மாடப்பிறையில் அகல் இருந்தது. அதை அணை என்று சொன்னால் அடி விழும். விளக்கைக் குளிர வைக்கலாம். மலையேற்றலாம். அணைக்கக் கூடாது. அம்மா இன்றுவரை டியூப் லைட்டுக்கும் அந்த மரியாதையைத்தான் கொடுக்கிறாள். 2019 பொங்கலுக்கு மகன் ஒரு பேசும் உருண்டையைக் கொண்டுவந்து வைத்து, "அப்பாயி, இதுகிட்ட சொன்னாப் போதும், விளக்கு போயிடும்" என்றான். அம்மா அதன் முன் நின்று, கோயிலில் நிற்பதுபோல நின்று, "மலையேறுப்பா" என்றாள். உருண்டை கொஞ்சம் யோசித்து ஒரு பாட்டைப் போட்டது. வேறு எதையும் அதனிடம் அவள் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்தது 1967இல். எனக்கு ஐந்து வயது. சுவர் நெடுகத் தேக்குச் சட்டம் அடித்து, அதன்மேல் ஒயரைப் பட்டையாகப் படுக்கவைத்து, தகரக் கிளிப்பால் கடித்துவிட்டார்கள். வட்டமான மரக்கட்டையில் வட்டமான கருப்பு சுவிட்ச். கீழே தள்ளினால் எரியும், மேலே தள்ளினால் போகும். தள்ளும்போது 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே தள்ளி அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கூடத்துச் சுவரில் இருந்த அந்த முதல் சுவிட்சின் கீழ் ஒரு ஜீரோ வாட் பல்பு. ஜீரோ என்றால் பூஜ்யம் இல்லை, பத்துப் பன்னிரண்டு வாட்டுக்கு மேலேயே தின்னும் என்று பிற்காலத்தில் இயற்பியல் வகுப்பில் முப்பத்து நாலு வருஷம் சொல்லியிருக்கிறேன். எந்த மாணவனும் நம்பியதில்லை. பெயரில் போட்டிருக்கிறதே சார் என்பார்கள்.

அதே 1967இல்தான் அமெரிக்காவில் ஆஷர் ஓப்ளர் என்பவர் ஒரு கணினி இதழில் எழுதிய கட்டுரையில் 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லைப் புழக்கத்துக்கு விட்டார். இயந்திரத்தில் கையால் தொடக்கூடியது வன்பொருள். அதன்மேல் ஓடும் கட்டளைகள் மென்பொருள். இரண்டுக்கும் நடுவே, உள்ளேயே ஊறிக் கிடப்பது இது. தமிழில் இதற்கு நிலைபொருள் என்று பெயர் வைத்தார்கள். நல்ல மனசுக்காரர் யாரோ வைத்திருக்கிறார். என் அனுபவத்தில் எங்கள் வீட்டில் நிலையாக இருந்த பொருள் அந்தக் கருப்பு சுவிட்ச்தான். 2019இல் மகன் வீடு முழுக்கப் புது ஒயர் இழுத்தபோது, கருப்பு சுவிட்சையும் கழற்றக் கை வைத்தார் எலக்ட்ரீசியன். "அது உங்க மாமனார் காலத்துது, அதுல கை வச்சீங்க…" என்று அம்மா ஆரம்பித்தாள். அவருடைய மாமனாரை அம்மாவுக்குத் தெரியாது; கோபத்தில் உறவுமுறை கலந்துவிட்டது. அவர் கையை எடுத்துவிட்டார்.

விளக்குக்குத் தானியங்கி ஏற்பாடு எங்கள் ஊருக்கு வைஃபையோடு வந்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1853இலேயே வந்துவிட்டது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துப் பிரதாபசிம்மரை மணக்க வேண்டும் என்று அம்முனு அம்மணி என்ற பெண் மகாலிங்க சுவாமிக்கு லட்ச தீபம் வேண்டிக்கொண்டாள். (அரசாண்ட பிரதாபசிம்மர் வேறு, அவர் 1763லேயே காலமாகிவிட்டார்.) கல்யாணம் ஆயிற்று. லட்ச தீபமும் ஏற்றினாள். அதோடு விடாமல், அதில் ஒரு விளக்காகத் தன் உருவத்தையே வார்த்து, கையில் அகலோடு நிறுத்தினாள். பீடத்தில் விவரம் எழுதியிருக்கிறது. பாவை விளக்கு என்றால் கலை வரலாற்றுப் புத்தகங்களில் அவள் படம் வரும். தினமும் வந்து ஏற்றுவதற்குப் பதில் தன்னையே நிரந்தரமாக நிறுத்திவிட்டுப் போனவள் என்று வகுப்பில் சொல்வேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: "அப்ப எண்ணெய் யாரு சார் ஊத்துவாங்க?" அந்தப் பையன் பிற்பாடு மின்வாரியத்தில் சேர்ந்தான். சேர வேண்டியவன்தான்.

*

மகன் வாங்கி வந்தது இரண்டு பெட்டி. ஒன்று கூடத்துக்கு, ஒன்று மாடிக்கு. ஒரே கம்பெனி, ஒரே மாதிரி, ஒரே நாளில் பிரித்தவை. மூன்று நிறத்தை இருநூற்று ஐம்பத்தாறு படிகளில் கலக்கலாம். மொத்தம் 1,67,77,216 நிறம் என்று மகன் பெருமையாகச் சொன்னான். "இதுல மஞ்சள் எது?" என்றாள் அம்மா. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் வைத்துக்கொண்டு எண்ணெய் விளக்கின் மஞ்சளை வரவழைப்பது பெரும்பாடு. ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்தில் அது இல்லை. மாம்பழ மஞ்சள் இருந்தது, டாக்ஸி மஞ்சள் இருந்தது.

அந்தப் பெட்டிகளில் எனக்கு ஒரு குறை. கூடத்தில் விளக்கு எரிய வேண்டும் என்றால், போனில் தட்டிய உத்தரவு திருவிடைமருதூரை விட்டுக் கிளம்பி, கடல் கடந்து எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, நான் நிற்கிற இடத்துக்குப் பத்தடி மேலே இருக்கும் பெட்டியிடம் சொல்ல வேண்டும். தாலுகா ஆபீசில் கூட இவ்வளவு சுற்று இல்லை. இன்டர்நெட் இல்லையென்றால் விளக்கு இல்லை. போதாததற்கு, 2018 டிசம்பரில் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் நடந்த கணினிக் கூட்டத்தில், இந்த மாதிரி மலிவு விளக்கு ஒன்றைப் பிரித்து, வீட்டு வைஃபையின் கடவுச்சொல் அதற்குள் பூட்டுச் சாவி இல்லாமல் அப்படியே கிடப்பதை மேடையில் காட்டியிருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து கூடத்துப் பெட்டியைப் பார்த்தால் வீட்டுச் சாவியை வாசல் படியில் வைத்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

2020 ஏப்ரல். ஊரடங்கு. ஓய்வு பெற்ற வாத்தியார், வெளியே போக வழியில்லை, பரணில் பழைய சால்டரிங் கம்பி. அந்தக் காலத்தில் கிட் வாங்கி டிரான்சிஸ்டர் ரேடியோ கோத்தவன் நான். கூடத்துப் பெட்டியை ஸ்டூல் போட்டு இறக்கித் திறந்தேன். உள்ளே ஈஎஸ்பி8266. ஷாங்காயின் எஸ்ப்ரெசிஃப் நிறுவனத்துச் சில்லு. 2014வாக்கில் வெளியுலகத்துக்குத் தெரியவந்து, உலகத்து மலிவு விளக்குகளில் எல்லாம் போய்க் குடியேறியது. கம்பெனியின் நிலைபொருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டாஸ்மோட்டா என்ற ஒன்றைப் போடலாம். நெதர்லாந்துக்காரர் தியோ ஆரென்ட்ஸ் எழுத ஆரம்பித்தது, காசு கிடையாது, வெளிநாட்டு சர்வர் கிடையாது, வீட்டு உத்தரவு வீட்டுக்குள்ளேயே.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. நாலு ஒயர். மின்சாரம் 3.3 வோல்ட்; ஐந்து கொடுத்தால் சில்லு கருகலாம். அனுப்புகிற கால் அங்கே வாங்குகிற காலுக்கு, வாங்குகிற கால் அனுப்புகிற காலுக்கு, சம்பந்தி வீட்டுச் சீர் மாதிரி குறுக்கே கட்ட வேண்டும். பூஜ்ய எண் கொண்ட காலைத் தரையோடு தொட்டுக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் சில்லு தன் வழக்கமான வேலையை விட்டுவிட்டு, என்ன எழுதப்போகிறாய் என்று காது கொடுக்கும். தொடுவதற்கு என் மனைவியின் ஹேர்பின். எழுதினேன். பெட்டி புதுப் பிறவி எடுத்தது.

ஒரே ஒரு தப்பு. முப்பத்து நாலு வருஷம் வகுப்பில் நான் சொன்னது: முதலில் படி, அப்புறம் எழுது. இந்த வேலையிலும் அதே விதிதான், அதே வார்த்தைகள்தான். சில்லில் இருப்பதை முதலில் படித்து ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு எழுத வேண்டும். நான் படிக்கவில்லை. நேரே அழித்துவிட்டு எழுதினேன். அழித்தால் அந்த நினைவகம் வெற்றுத்தாள் ஆவதில்லை என்பது வேடிக்கை. எல்லாக் கட்டத்திலும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று நிற்கும். நூற்றுக்கு நூறு வாங்கிய விடைத்தாள் மாதிரி. அதில் ஒரு விடையும் இருக்காது.

மூன்றரை வருஷம் ராஜாங்கம். வீட்டில் விளக்கு போட என்னைக் கூப்பிட வேண்டும். மனைவி, "என்னங்க, கூடத்து லைட்டு" என்று கொல்லைவரை குரல் கொடுப்பாள். சுதந்திர விளக்கு என்று பெயர். அதற்குக் கங்காணி நான் ஒருத்தன். அப்புறம் ஊதா.

*

பெட்டி விற்ற கம்பெனிக்கு எழுதினேன். மூலக் கோப்பு தாருங்கள், பழையபடி ஆக்கிக்கொள்கிறேன். மூன்று வரியில் பதில் வந்தது. கோப்பு தருவதில்லை, திறந்த பெட்டிக்கு உத்தரவாதம் இல்லை, புதிய மாடல் வந்திருக்கிறது. கோபம் வந்தது. பிறகு யோசித்தால், பதில் போட ஒரு கம்பெனி இருந்ததே பெரிது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற வீட்டு விளக்குக் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் அணைந்தன. அணைந்தன என்றுதான் சொல்ல வேண்டும். அது மலையேறிய மாதிரி இல்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் செயலியைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அப்போதுதான் மாடிப் பெட்டி ஞாபகம் வந்தது. அதை நான் தொடவே இல்லை. மாடியில் யாரும் இல்லை, விளக்குக்கும் வேலை இல்லை. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று கெட்டு, ஒன்று பிறந்த மேனியாக இருந்தது. இறக்கித் திறந்தேன். அதே நாலு ஒயர், அதே ஹேர்பின். இந்த முறை படித்தேன். மொத்தம் ஒரு மெகாபைட், 10,48,576 எழுத்து. ஒன்றரை நிமிஷத்தில் முழுப் பெட்டியும் ஒரு கோப்பாகக் கைக்கு வந்துவிட்டது. அதைக் கூடத்துப் பெட்டியில் எழுதினேன். பொருத்தி மின்சாரம் கொடுத்தேன். பெயர் கேட்கவில்லை, கடவுச்சொல் கேட்கவில்லை. தானே போய் வைஃபையில் சேர்ந்து, தானே சர்வரில் வணக்கம் சொல்லி, மகன் போனில் பச்சைப் புள்ளியாக வந்தது. லைப்சிக்கில் சொன்னது உண்மைதான்: சாவி உள்ளேயே இருந்தது. அந்த நிமிஷம் அதற்காகச் சந்தோஷப்பட்டேன். "பாத்தியாம்மா, பழையபடி" என்றேன். அம்மா, "ஒரு ராத்திரி போகட்டும்" என்றாள்.

ராத்திரி போனதும் பழையபடி ஆகவில்லை என்று தெரிந்தது. ஏன் என்று, விளக்கு வார்க்கும் நாச்சியார்கோயில் பத்தர் எனக்கு 1973லேயே சொல்லியிருந்தார்.

அம்மாவின் சீரில் வந்தவை இரண்டு குத்துவிளக்கு. நாச்சியார்கோயில் வார்ப்பு, ஜோடி. பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாகக் கழலும். ஒரு கார்த்திகைக்குப் புளி போட்டுத் துலக்கிக் காயவைத்திருந்தார்கள். கோத்து வை என்று எனக்கு உத்தரவு. பதினோரு வயது, ரேடியோ கோப்பவன் என்ற திமிர். இந்தத் தண்டை அந்தப் பாதத்தில் வைத்துத் திருகினேன். பாதி வரை போயிற்று, நின்றது. பலம் போட்டேன். கிறீச் என்றது. விளக்கு நின்றது, ஆனால் குடித்தவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. எண்ணெய் ஊற்றினால் ஒரு முகத்தில் வழிகிறது, எதிர் முகத்தில் திரி காய்கிறது.

அப்பா சைக்கிளின் பின்னால் சாக்கில் விளக்கு, முன்கம்பியில் நான். நாச்சியார்கோயில் பட்டறையில் காவிரி வண்டல் மண்ணை அச்சுப் பெட்டியில் கெட்டித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மண்ணில்தான் வார்ப்பு நயமாக விழும் என்று அங்கே சொல்வார்கள். பத்தர் விளக்கை வாங்கி, மரையை விரல் நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றித் தடவிப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார், அப்பாவை இல்லை.

"ரெண்டும் ஒரே அச்சுல வார்த்ததுதான் தம்பி. பார்வைக்கு ஒண்ணுதான். ஆனா மரை கையால போட்டது. இதோட தலை இதுக்குத்தான். அதை இதுல வச்சா, உக்காந்த மாதிரி இருக்கும், உக்காராது."

மரையைத் திருத்திக் கடைந்து கொடுத்தார். பிறகு உளியால் ஒரு விளக்கின் உறுப்புகளில் எல்லாம் ஒரு புள்ளி, இன்னொன்றில் இரண்டு புள்ளி. இனிமே மாறாது என்றார். அப்பா என்ன கூலி கொடுத்தார் என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது எனக்கு ஒரு அடி கொடுத்தார், அது தெரியும்.

அந்தப் புள்ளிகள் இன்றும் இருக்கின்றன. தினமும் பார்க்கிறேன். பார்த்து என்ன?

மாடிப் பெட்டிக்கும் கூடத்துப் பெட்டிக்கும் வன்பொருள் ஒன்று, நிரல் ஒன்று. ஆனால் தொழிற்சாலையில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் அடையாள எண்ணும் ஒரு ரகசியச் சாவியும் எழுதி அனுப்புகிறார்கள். அதை வைத்துத்தான் சர்வர் இன்னார் என்று அறிகிறது. அதுதான் மரை. நான் மாடிப் பெட்டியை முழுசாகப் படியெடுத்தபோது அதன் எண்ணும் சாவியும் கூடவே வந்துவிட்டன. இப்போது இரண்டு பெட்டியும், நான்தான் மாடி, நான்தான் மாடி என்கின்றன. கூடத்துப் பெட்டியின் சொந்த அடையாளம் 2020 ஏப்ரலில் என் கையால் ஒன்று ஒன்று ஒன்று ஆகிப்போனது. கடல் தாண்டி இருக்கும் வாசல்காரன், ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் பிந்தி வந்தவனை உள்ளே விட்டு முந்தி வந்தவனை வெளியே தள்ளுகிறான். வெளியே போனவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். அவன் உள்ளே, இவன் வெளியே. ராத்திரி பூராவும் இதே வேலை. கூடத்தில் தட்டினால் மாடியில் எரியும். மறுபடி தட்டினால் கூடத்தில் எரியும், மாடியில் போகாது. கிழக்கு வாசலில் குந்தியிருப்பது எழுந்து உள்ளேயே வந்துவிட்டதுபோல இருந்தது.

வழி ஒன்று இருந்தது. ஏதாவது ஒரு பெட்டியில் மறுபடி டாஸ்மோட்டாவைப் போட்டுவிட்டால் சண்டை தீரும். மெல்ல எடுத்துச் சொன்னேன். "நீ ஸ்டூல் மேல ஏறுனா நான் கும்மோணத்துக்குப் பஸ் ஏறிடுவேன்" என்றாள் அம்மா. கும்பகோணத்தில் எங்களுக்கு யாரும் இல்லை. ஆனாலும் போவாள்.

தீபாவளிக்கு வந்த மகன் மாடிப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டான். "ரெண்டும் ஒரே வீட்டுல இருந்தாத்தானேப்பா பிரச்சினை. நான் பெங்களூர் கொண்டுபோய் மாட்டிக்கிறேன்." இன்ஜினீயர். சண்டை வீட்டில் இல்லை, சர்வரில் என்பதைச் சொல்ல வாய் எடுத்தேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அங்கே போனதும் பெட்டி சமர்த்தாகச் சேர்ந்துகொண்டதாம், ஒன்றும் கேட்கவில்லையாம். கேட்காது. இரண்டு வீட்டு வைஃபைக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வைத்தது அவன்தான், ஞாபகம் வைத்துக்கொள்ள லேசு என்று.

போகும்முன் அம்மாவின் போனில் ஒரே ஒரு பெரிய பொத்தானை வைத்துக் கொடுத்தான். தலையணைக்கடியில் போன். ராத்திரி எழுந்தால் அதைத் தட்ட வேண்டும், கூடம் மெல்லிய வெளிச்சத்தில் வரும், தடுக்கி விழாமல் கொல்லைப்பக்கம் போகலாம். பல நாள் வரும். சில நாள் வராது. வராத நாளில் அம்மா என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை; கேட்டால் ஸ்டூல் பேச்சு வரும்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். பின்னிரவு இரண்டே முக்காலுக்கு என் போன் அடித்தது. மகன்.

"அப்பா, தூங்குறீங்களா? அப்பாயி எழுந்திருச்சிட்டாங்க போல. இங்க ஹால்ல லைட் எரியுது. போட்டுப் போட்டு எடுக்குறாங்க. அங்க எரியுதான்னு பாருங்க."

எழுந்து கூடத்துக்குப் போனேன். இருட்டு. கட்டில் இருக்கும் பக்கம் போனின் சின்ன வெளிச்சம். அதில் அம்மாவின் மோவாய் மட்டும். விரல் தட்டிக்கொண்டே இருந்தது. நான் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தேன். தேக்குச் சட்டம் இருந்த இடத்தில் இப்போது சுண்ணாம்புத் தழும்புதான், அதைப் பிடித்துக்கொண்டே போனால் கை தானாக ஓரிடத்தில் நிற்கும். கீழே தள்ளினேன்.

டக்.

ஜீரோ வாட் மஞ்சளாக வந்தது. அம்மா போனைத் தலையணைக்கடியில் சொருகிவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"லைன்ல அவனா?" என்றாள். "அங்க அந்த விளக்க மலையேத்தச் சொல்லு. கரண்ட் வீணாப் போவுது."